என் இடது கால் சம்பந்தமாக

கொடைக்கானல்,
18-6-1962

திரு. ஞானவேல் அவர்களுக்கு,

நலம். இரண்டு கால்களோடும் நலம். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஊருக்கு வேறு மாதிரிச் சொல்லி வைத்திருப்பதாகத் தெரிகிறது.

சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் ஆறாம் வகுப்புப் பெண்களுக்கு டிரில் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்துல் குத்தூஸ் கம்பி வேலிக்கு வெளியே குடையோடு வந்து நின்றார். பழனி அடிவாரத்தில் உங்கள் கடைக்கு எதிர்க்கடையில் இருந்தவர்தான். இப்போது இந்த ஊர் பஜாரில் கம்பளிக் கடை வைத்திருக்கிறார். உங்கள் காருக்கு இன்ஷூரன்ஸ் எழுதிய ஏஜெண்டும் அவரே என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். பெண்கள் இருக்கும் இடத்தில் நிமிர்ந்து பார்க்காத மனிதர். அன்றைக்கு நான் குதிக்கக் குதிக்க என் பாதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மணி அடித்ததும் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, கோவிச்சுக்கிறாதீங்க. ஒங்க இடது காலு எங்கன போச்சுங்க?"

"எங்கயும் போகலையே. இங்கதான இருக்கு?"

"அதத்தான் நானும் பாத்துக்கிட்டு நிக்கேன். முழங்காலுக்குக் கீழ எடுத்தாச்சுன்னு கம்பெனிக்கு எழுதி வந்திருக்கு. டாக்டர் சர்ட்டிபிகேட்டும் இருக்கு. நான் பழம் வாங்கிட்டு ஒங்கள வீட்டுல வந்து பாக்கலாம்னு இருந்தேன். பஜார்ல சொன்னாங்க, நீங்க கிரவுண்டுல குதிச்சிக்கிட்டு இருக்கீகன்னு."

பாரத்தை நீட்டினார். படித்தேன். ஞானவேல் மனைவி தமயந்தி, வயது இருபத்தொன்பது, 9-2-1962 அன்று கணவர் ஓட்டிய காரின் பின்சீட்டில் ஆடலூருக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஏற்றத்தில் கார் பின்னோக்கிச் சறுக்கிப் பாறையில் மோதியது. இடது கால் நசுங்கியது. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். கீழே 'பாதிக்கப்பட்டவர் கையெழுத்து' என்ற கோடு மட்டும் காலியாக இருந்தது. அதை வாங்கத்தான் கம்பெனி குத்தூஸை அனுப்பியிருக்கிறது. பாரம் நேரே பழனிக்கு வரும், யார் கையையாவது பிடித்து எழுத வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி எங்கள் பள்ளியில் விளையாட்டு விழா. உயரத் தாண்டலுக்குக் கயிறு பிடித்துக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை நின்றேன். நின்றது இரண்டு காலில்.

உங்கள் வீட்டை விட்டு வந்து நாலு வருஷம் ஆகிறது. என் பாத்திரம், நகை, தையல் மிஷின் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டீர்கள். நான் கேட்கவில்லை. என் பெயரையும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது. வெள்ளித் தகட்டில் கால், கை, கண் செய்து வேண்டுதலுக்கு வரும் ஜனங்களுக்கு விற்பது உங்கள் தொழில். அந்தப் பழக்கத்தில் என் காலையும் விற்றுவிட்டீர்களா?

மறுப்பு எழுத எனக்கு ஐந்து நிமிஷம் போதும். ஆனால் காலை வெட்டாமல் டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுக்கமாட்டார். எங்கேயோ ஒரு கால் நிஜமாகவே போயிருக்கிறது. அது யாருடைய கால்? ஜூலை பத்தாம் தேதிக்குள் பாரத்தைத் திருப்பித் தரவேண்டும். அதற்குள் பதில் வேண்டும்.

தமயந்தி


முருகன் துணை
பழனி அடிவாரம்,
21-6-1962

சௌபாக்கியவதி தமயந்திக்கு ஞானவேல் அநேக ஆசீர்வாதம்.

இங்கு நானும் அக்காவும் ஆண்டவன் கிருபையால் க்ஷேமம். மலைக்காற்றில் உனக்கு இருமல் வராமல் இருக்க வேண்டுமே என்பதே எங்கள் கவலை. நாலு தைப்பூசம் போய்விட்டது, ஒரு கார்டு போட்டாயா? வந்த முதல் கடிதத்திலும் 'திரு. ஞானவேல் அவர்களுக்கு' என்று தாலுகா ஆபீசுக்கு மனு எழுதுவது போல எழுதியிருக்கிறாய். அக்கா அதைப் படித்துவிட்டு ஒரு வேளை சாப்பிடவில்லை.

விஷயம் சின்னது. ஆடலூரில் நான் வாங்கிப் போட்டிருக்கும் காப்பித் தோட்டத்துக்குப் போகும்போது கார் சறுக்கியது வாஸ்தவம். தோட்டத்து வேலைக்காரி ஒருத்திக்கு அடிபட்டது. கால் போயிற்று. விபத்து ஆண்டவன் செயல். போன கால் யார் அழுதாலும் வரப்போவதில்லை. ஆஸ்பத்திரியில் கூலி ஆள், கார் என்று சொன்னால் உடனே போலீஸ், கேஸ் என்று இழுப்பார்கள். 'என் மனைவி' என்று சொன்னேன். பெயர் கேட்டார்கள். வேறு எந்தப் பெயரைச் சொல்வேன்? எனக்குத் தெரிந்த மனைவி பெயர் ஒன்றுதானே.

அதன்பிறகுதான் பாலிசியைப் படித்துப் பார்த்தேன். காரில் போகும்போது சொந்தக்காரனுக்கோ அவன் மனைவிக்கோ கால் கை போனால் சொந்தக்காரனிடம் பணம் கொடுக்கிறார்கள். ஐந்து வருஷமாகப் பிரீமியம் கட்டுகிறேன், சல்லிக்காசு திரும்பி வந்ததில்லை. முருகனாகப் பார்த்து ஒரு வழி காட்டியிருக்கிறான். அதை நாம் அடைக்கலாமா?

நீ கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு மாதம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வா. உள் அறையில் படுத்திரு. கம்பெனி ஆள் வந்தால் அக்கா கம்பளியைப் போர்த்திவிடுவாள். பெண்பிள்ளை காலை விலக்கிக் காட்டு என்று எந்த மரியாதைப்பட்டவன் கேட்பான்? பெயரைத்தானே கொடுக்கிறாய், தேய்ந்தா போகும்?

உன் பெயரில் வெட்டிய கால் என்பதால் உனக்கு எந்தத் தோஷமும் தட்டக்கூடாது என்று அப்போதே மலைக்குப் போய் அர்ச்சனை செய்து, வெள்ளியில் ஒரு கால் காணிக்கை போட்டுவிட்டேன். அந்த அர்ச்சனை விபூதியைப் பூஜை அறையில் பத்திரமாக வைத்திருந்தேன். பொட்டலம் இத்துடன் இருக்கிறது. குளித்துவிட்டு இட்டுக்கொள்.

உன் க்ஷேமத்தையே நினைக்கும்,
ஞானவேல்


கொடைக்கானல்,
25-6-1962

ஞானவேல் அவர்களுக்கு,

விபூதி வந்தது. பொட்டலத்தைப் பிரித்தபோது விபூதிக்கு அடியில் துண்டுச் சீட்டு ஒன்று இருந்தது. அர்ச்சனைத் தட்டில் குருக்களுக்காக எழுதி வைப்பீர்களே, பெயர், நட்சத்திரம், வேண்டுதல், அந்தச் சீட்டு. உங்கள் கையெழுத்து. கடைப் பென்சில். அப்படியே எடுத்து எழுதுகிறேன்: 'வேலுத்தாய். கார்த்திகை நட்சத்திரம். இடது கால் ரணம் ஆற.'

நான் கார்த்திகை இல்லை. என் நட்சத்திரம் உங்களுக்கு ஞாபகமும் இருக்காது.

ஆஸ்பத்திரியில் பொய் சொன்னீர்கள். கம்பெனிக்குப் பொய் எழுதினீர்கள். எனக்கும் எழுதுகிறீர்கள். குருக்கள் ஒருத்தரிடம் மட்டும் நிஜப் பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள். தப்பான பெயரைச் சொன்னால் முருகன் தப்பான காலைக் குணமாக்கிவிடுவான் என்ற பயம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மட்டும் எந்தக் காலாக இருந்தாலும் சரி.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நீங்கள் காணிக்கை போட்டது வெள்ளிதானா, கடைச் சரக்கா? போலியோ வந்த பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போளூரிலிருந்து வந்த அம்மாவுக்கு, வெள்ளிப் பூச்சுப் பூசிய தகரக் காலை முழு வெள்ளி என்று நீங்கள் விற்றதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவிடம் சொன்னேன். அவள் எதிரிலேயே என்னை அறைந்தீர்கள். அந்த வாரமே நான் கிளம்பினேன். அக்காவிடம் 'புத்தி பேதலித்துப் போய்விட்டாள்' என்று சொன்னீர்களாம்.

வேலுத்தாய் யார் என்று இனி நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வேலைக்காரியின் நட்சத்திரம் முதலாளிக்கு எப்படித் தெரியும்? எத்தனை வருஷமாக அவளை வைத்திருக்கிறீர்கள் என்பதும் எனக்கு வேண்டாம். குத்தூஸும் இதைத்தான் நினைக்கிறார். நாகரிகத்துக்காகக் கம்பளி விலை பேசிக்கொண்டிருக்கிறார். அவளைப் பெண்டாட்டி என்று சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்களே, அந்தத் துணிச்சலோடு அவள் பெயரையும் சொல்லியிருக்கக் கூடாதா? காரில் கூட உட்கார்ந்து வந்தவளுக்கு அவள் காலையாவது அவள் பெயரில் இழக்க விட்டிருக்கலாம்.

தமயந்தி


முருகன் துணை
பழனி அடிவாரம்,
28-6-1962

தமயந்திக்கு,

உன் கடிதத்தைப் படித்து உடம்பெல்லாம் எரிகிறது. ஒரு பெண் எழுதுகிற எழுத்தா இது?

முதலில் காணிக்கை. நான் போட்டது சுத்த வெள்ளி. ஆண்டவன் சன்னதியில் தகரம் போடுகிற குடும்பம் நம்முடையது அல்ல. கடையில் விற்பது வியாபாரம். அது வேறு, இது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நீ குடும்பத்தைக் கெடுத்தாய்.

இரண்டாவது, அந்தக் கேவலமான சந்தேகம். சீச்சீ! அவள் யார், நான் யார்? காப்பிப் பழம் பறிக்கிற கூலிக்காரி. கையெல்லாம் கறை, தலையில் சாக்கு. அவளைப் போய் என்னோடு சேர்த்து எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? நட்சத்திரம் அவள் புருஷன் அழகுமலையிடம் கேட்டு வாங்கியது. ஆடலூரில் போய் யாரை வேண்டுமானாலும் கேள். அவள் நிழல்கூட என் காருக்குள் விழுந்ததில்லை. மூன்று வருஷத்தில் ஒருநாள், ஒருநாள்கூட என் கார் சீட்டில் அவள் உட்கார்ந்தது கிடையாது. உட்கார விட்டிருப்பேனா? அந்தக் கழுதைக்கு ஒரு கல்லை ஒழுங்காக வைக்கத் தெரியாததால்தான் எனக்கு இத்தனை கஷ்டமும்.

மூன்றாவது, நீ வேலை பார்ப்பது மிஷன் பள்ளிக்கூடம். புருஷனை உதறிவிட்டு வந்தவள் பெண் குழந்தைகளுக்குக் குதிக்கச் சொல்லிக் கொடுக்கிறாள் என்று உங்கள் தலைமையாசிரியைக்கு நான் இரண்டு வரி எழுதினால் போதும். எழுதவில்லை. இதுவரை எழுதவில்லை.

பாரத்தில் கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பு.

ஞானவேல்


அஞ்சல் அட்டை

கொடைக்கானல்,
30-6-1962

ஞானவேல் அவர்களுக்கு,

உங்கள் கார் சீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். பாரத்தில் கால் நசுங்கியது பின்சீட்டில். அப்படியானால் அவள் எங்கே இருந்தாள்? என்ன கல்?

நாளை ஞாயிறு. ஆடலூர் போகிறேன். தலைமையாசிரியைக்குத் தாராளமாக எழுதுங்கள். முகவரி வேண்டுமானால் கேளுங்கள், அனுப்புகிறேன்.

தமயந்தி


கொடைக்கானல்,
2-7-1962

ஞானவேல் அவர்களுக்கு,

பண்ணைக்காடு வரை பஸ்ஸில் போனேன். அங்கிருந்து ஒரு தோட்டத்து லாரி கொஞ்ச தூரம் ஏற்றிக்கொண்டது. மிச்சம் நடை. எல்லாவற்றுக்கும் என் இடது கால் ஒத்துழைத்தது.

உங்கள் தோட்டத்து வேலிக்கு வெளியே மண்சுவர்க் குடிசை. வாசலில் ஒருத்தி சாக்கில் உட்கார்ந்து மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சேலையை இடதுபக்கம் மடித்துச் செருகியிருந்தாள். உன் பெயர் வேலுத்தாயா என்று கேட்டேன்.

"ஆமாங்க. நீங்க யாருங்க?"

"பழனி ஞானவேல் சம்சாரம். பேரு தமயந்தி."

முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். "அட, நீங்கதானா அது! ஆஸ்பத்திரியில நாந்தான தமயந்தி. நர்ஸம்மா வந்து 'தமயந்தி, தமயந்தி'ன்னு கூப்புடுது. எவளோ பக்கத்துக் கட்டில்ல கெடக்கா போலன்னு நானும் எட்டி எட்டிப் பாக்கேன். எனக்குக் காது செவிடுன்னே முடிவு பண்ணிட்டாக. பெறவு ஊசி குத்தயிலதான் தெரிஞ்சுது, தமயந்தி நாந்தான்னு."

நான் அவளைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு போனேன் என்று உங்களுக்குத் தெரியும். எழுதியும் இருக்கிறேன். அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. உங்களைப் பற்றி நினைத்ததற்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு பெண்மேல் ஆசை வைத்த மனுஷன் என்று உங்களை அவ்வளவு உயர்வாக நினைத்துவிட்டேன்.

மற்றதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். நீங்கள் படிக்க வேண்டும்.

"மொதலாளி காருக்குக் கைப்பிரேக்கு பிடிக்காதுங்க. ஏத்தத்துல இஞ்சின் கொதிச்சு நிப்பாட்டுனா கார் பின்னால உருண்டுரும். அதுக்குத்தான் நானு. ஏத்தம் தொடங்குற எடத்துலயே வந்து நிக்கணும். பின்னால பம்பர்ல ஏறி, டிக்கில மாட்டியிருக்கிற டயரப் புடிச்சுக்கிட்டு நின்னுக்குவேன். உள்ள ஏறுனா சீட்டு அழுக்காயிருமாம். கார் நின்னவொடன வெரசா குதிச்சு, கெடக்கிற கல்லத் தூக்கி வீலுக்கு அடியில வைக்கணும். மூணு வருசமா அதான் என் சோலி."

"அதுக்குத் தனிக் கூலி உண்டா?"

"இதென்னங்க, கல்லு வைக்கிறதுக்கெல்லாமா கூலி குடுப்பாக?"

"வேற ஆம்பள ஆளு இல்லியா?"

"ஆம்பளைக்கு அரை நாள் கூலி போயிருமில்ல. பொம்பளைக் கூலி கம்மி."

அன்றைக்குக் காலையில் பனி. கல் ஈரமாக இருந்திருக்கிறது. வைத்த கல் வழுக்கியது. கார் பின்னால் வந்தது. நீங்கள் இறங்கி வந்து முதலில் என்ன பார்த்தீர்கள் என்றும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. டிக்கி நசுங்கிவிட்டதா என்று பார்த்தீர்கள். பிறகுதான் அவளை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவள் காதருகே குனிந்து, நிஜப் பெயரைச் சொன்னால் காரைச் சேதப்படுத்தியதற்குப் போலீஸ் அவளைத்தான் பிடிக்கும் என்று சொன்னீர்கள். கால் தொங்கிக்கொண்டிருந்தவள் இரண்டு மாதம் அந்தப் பயத்தோடு என் பெயரில் படுத்திருந்தாள். சீட்டில் ரத்தம் படாமல் இருக்க அடியில் சாக்கு விரித்தீர்களாம். அவள் உங்கள் கார் சீட்டில் உட்கார்ந்ததில்லை என்று நீங்கள் எழுதியது உண்மைதான். படுத்துத்தான் போயிருக்கிறாள், சாக்குமேல்.

வெள்ளிக் கால் காணிக்கை போட்டிருப்பதைச் சொன்னேன். கண்ணை விரித்தாள். "எனக்குன்னா போட்டாரு? எம்புட்டுப் பெருசுங்க?" விரலால் காட்டினேன். "இம்புட்டுண்டா? அதுல ஏறி நின்னா நான் நெல்லிக்கா எட்டமாட்டேனே" என்று மறுபடியும் சிரித்தாள். புருஷன் அழகுமலை உள்ளேயிருந்து வந்து, "ஏட்டி, சும்மா கெட" என்று அதட்டினான். பிறகு என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டான். "அம்மா, பெரியவுக சண்டையில எங்கள இழுக்காதீக. இந்தக் குடிசையும் அவரு எடந்தான்." அவனைக் குற்றம் சொல்லமாட்டேன். பயப்படக் காரணம் இருக்கிறது. நடந்ததை எழுதினால் ரேகை வைப்பாளா என்று கேட்டதற்கு வேலுத்தாய்தான் சொன்னாள்: "இருக்கிற இன்னொரு காலையுமா புடுங்கிருவாரு? எங்கன ரேகை வைக்கணும்னு சொல்லுங்கம்மா."

இன்று காலை வெள்ளனே குத்தூஸ் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கு நோட்டை மூடி வைத்தார். பிறகு விளக்கினார்:

"உள்ள ஒக்காந்திருந்த சம்சாரத்துக்குக் காலு போனா பணம் கார்க்காரர் கைக்கு வரும். ரோட்டுல நின்ன ஆளு மேல கார் ஏறுனா, பணம் அந்த ஆளுக்குச் சேரணும். அதுக்கு மதுரையில மனுப் போடணும். நாள் தாண்டிருச்சு. ஆனா வேற பேர்ல படுக்க வச்சிருந்தாகன்னு எழுதுனா கேப்பாக. கெடைக்கும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன் டீச்சரம்மா. கேக்குறதுக்கு அந்தப் பொண்ணுக்குப் பாத்தியதை உண்டு, அம்புட்டுத்தான். ஆனா ஒங்க வீட்டுக்காரரு மனு மொதல்ல செல்லாதுன்னு ஆகணும். ஒரு காலுக்கு ரெண்டு பேரு பணம் கேட்டா கம்பெனிக்காரன் ரெண்டு பேருக்கும் குடுக்கமாட்டான்."

ஆக, வேலுத்தாயின் காலை நீங்கள் இரண்டு தடவை எடுத்திருக்கிறீர்கள். முதல் தடவை காரால். இரண்டாம் தடவை என் பெயரால்.

தமயந்தி


பழனி அடிவாரம்,
5-7-1962
ரிஜிஸ்டர் தபால்

அன்புள்ள தமயந்தி,

நீ ஆடலூருக்குப் போனது தெரிந்து இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. கோபத்தில் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. தலைமையாசிரியைக்கு நான் எதுவும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். வக்கீலைக் கலந்து பார்த்தேன். மனு பொய் என்று ஆனால் பணம் போவது மட்டும் இல்லையாம். ஜெயில் என்கிறார். ஆஸ்பத்திரிப் பெயர் விஷயம் தனிக் கேஸாம். இந்த அடிவாரத்தில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பம். அக்கா நெஞ்சு வலிக்கிறது என்கிறாள்.

நான் வளர்த்த விஷயம் இல்லை இது. நீ வேண்டியதைக் கொடுத்துவிட்டு முடித்துக்கொள்கிறேன். நாலு வருஷமாக எந்தக் காகிதத்தை வக்கீல் நோட்டீஸ் மூலம் கேட்டாயோ, நான் எதற்கு மாட்டேன் மாட்டேன் என்றேனோ, அது இத்துடன் இருக்கிறது. நீ விவாகரத்து மனுப் போட்டால் எதிர்க்கமாட்டேன் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அக்கா சாட்சி. இதை வைத்துக்கொண்டு நீ சுதந்திரமாக இரு. வேறு கல்யாணம் செய்துகொண்டாலும் நான் வாய் திறக்கமாட்டேன்.

பதிலுக்கு நீ எதுவும் செய்ய வேண்டாம். கையெழுத்துக்கூட வேண்டாம். பாரத்தை அடுப்பில் போட்டுவிடு. கம்பெனி கேட்டால் கடிதம் கிடைக்கவில்லை என்று சொல். சும்மா இருப்பது ஒரு வேலையா?

அந்தப் பெண்ணுக்கும் நான் ஏதாவது செய்யாமல் இருக்கமாட்டேன். ஒரு வெள்ளாடு வாங்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். உட்கார்ந்த இடத்திலேயே மேய்க்கலாம்.

என்றும் உன் நன்மையை விரும்பும்,
ஞானவேல்


கொடைக்கானல்,
9-7-1962

அன்புள்ள அத்தானுக்கு,

இப்படி அழைத்து நாலு வருஷம் ஆகிறது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் முத்திரைத்தாள் வந்தது. இரண்டு நாள் என் மேஜைமேல், டிரில் விசிலுக்குப் பக்கத்தில் இருந்தது. பொய் சொல்லப் போவதில்லை, எடுத்து எடுத்துப் படித்தேன். ஒவ்வொரு ஜூனிலும் பள்ளிப் பதிவேட்டில் என் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று கேட்கிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் வீட்டுக்காரர் எங்கே என்கிறார்கள். என் சம்பளத்தில் நான் போட்ட சேமிப்புக்கு யார் வாரிசு என்று கேட்டபோது உங்கள் பெயரை எழுதச் சொன்னார்கள். இந்த ஒரு தாள் எல்லாவற்றுக்கும் பதில். இதற்காக உங்கள் காலில் விழவும் ஒரு காலத்தில் தயாராக இருந்தேன்.

தாளை வைத்துக்கொண்டு உங்களையும் காட்டிக் கொடுத்துவிடலாம் என்றும் யோசித்தேன். ஒரு மோசடிக்காரரை மோசம் செய்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அதுவும் பிடிக்கவில்லை. உங்கள் கணக்கில் இது விலை கொடுத்து வாங்கிய தாள். விலை ஒரு கால். என்னுடைய காலாக இருந்திருந்தால் கொடுத்திருப்பேன். இது வேலுத்தாயின் கால். தாளைத் திருப்பி அனுப்புகிறேன். மடித்த மடிப்பில் கிழிந்திருக்கிறது. நான் கிழித்ததில்லை, பலமுறை பிரித்துப் பார்த்ததில் கிழிந்தது.

நேற்று அழகுமலை வேலுத்தாயை முதுகில் சுமந்து லாரி ஏற்றி, பஸ் ஏற்றி, இங்கே கொண்டுவந்தான். குடிசையைக் காலி செய்யச் சொல்லி உங்கள் மேஸ்திரி ஆள் அனுப்பினாராம். நீங்கள் அந்த ஆளை அனுப்பச் சொல்லியிருக்காவிட்டால் அழகுமலை வந்திருக்கமாட்டான். இப்போது பயப்பட அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை. குத்தூஸ் கடையின் பின்கட்டில் இருக்கிறார்கள். வேலுத்தாய் கம்பளிக் கட்டுமேல் உட்கார்ந்து மனுவில் ரேகை வைத்தாள். 'பெயர்' என்ற இடத்தில் குத்தூஸ் எழுதிய பிறகு, அதை ஒருமுறை வாய்விட்டு வாசிக்கச் சொன்னாள். வாசித்தார். "ஆங், அது நாந்தான்" என்றாள்.

அந்த மனுவோடு குருக்களுக்கு நீங்கள் எழுதிய சீட்டு, உங்கள் கடிதங்கள் மூன்று எல்லாம் போயிருக்கின்றன. சீட்டில் அவள் பெயர் இருக்கிறது. இருபத்தெட்டாம் தேதிக் கடிதத்தில் அவள் உங்கள் காருக்குள் ஏறியதே இல்லை என்பது இருக்கிறது. இதைவிட நல்ல சாட்சி ஆடலூரில் யாரும் சொல்ல முடியாது. உங்கள் அகங்காரத்துக்கு வேலுத்தாய் சார்பில் நன்றி.

என் பாரத்தையும் இன்று காலை குத்தூஸிடம் கொடுத்துவிட்டேன். அதில் எழுதியது இவ்வளவுதான்: 'இந்த விபத்தில் நான் இல்லை. அன்று நான் கொடைக்கானலில் இருந்தேன். தலைமையாசிரியை சாட்சி. என் இரண்டு கால்களையும் கம்பெனியார் எந்த நாளிலும் வந்து பார்க்கலாம்.'

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தபோது குத்தூஸ் தயங்கினார். "டீச்சரம்மா, வெறும் தமயந்தின்னா கம்பெனிக்காரன் யாரு நீன்னு கேப்பான். ஊர்ல எத்தனையோ தமயந்தி. ஒங்க வீட்டுக்காரரும், அவ வேற ஆளு, என் சம்சாரம் காலில்லாம உள்ள கெடக்குன்னுருவாரு. 'இன்னாரு சம்சாரம்'னு போட்டாத்தான் இது நிக்கும். போடுறதுக்கு ஒங்களுக்கு மனசில்லாட்டி..."

போட்டேன். எழுத்து கொஞ்சம் பெரியதாகவே விழுந்தது.

மதுரையில் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்கிறார். ஒரு வருஷம் ஆகலாம், மூன்றும் ஆகலாம். அதுவரை உங்களை விட்டுப் போவதாக இல்லை. நீங்களாகக் கேட்டாலும் விடுதலை தரமாட்டேன். கூண்டில் ஏறி நின்று, 'இவர் பெண்டாட்டி நான்தான்' என்று சொல்ல ஒருத்தி வேண்டுமே.

காரின் கைப்பிரேக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள். அக்காவுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் மனைவி,
ஞா. தமயந்தி